ஆரஞ்சுப் பிடிக் கத்தி

எங்கள் படகுத்துறையில் மழையும் வெயிலும் நிறத்தைத் தின்றுவிட்ட பலகை ஒன்று நிற்கிறது. ஒரு படமும் படத்துக்குக் கீழே இந்த வாசகமும் அதில் உண்டு:

“சைத் மகன் என்சாலி. இபான் மக்களின் புகழ்பெற்ற காட்டுப்பன்றி வேட்டையர். குருதிக்கும் காயத்துக்கும் அஞ்சாதவர். முன்னோர் அளித்த வேட்டைக் கத்தியை இடுப்பிலிருந்து இறக்கியறியாதவர். வீழ்த்திய விலங்கைத் தம் கையாலேயே அறுத்துப் பகிர்ந்தளிக்கும் வீர மரபின் வாழும் சின்னம்.”

இதில் சரியாக இருப்பவை அவருடைய பெயரும் அவர் அப்பாவின் பெயரும்.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுற்றுலாப் பலகை வைக்க மேலிடத்திலிருந்து சிலர் கேமராவோடு படகில் வந்து இறங்கினார்கள். அப்போதுதான் எங்கள் ஆட்கள் ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றியைக் கூழாங்கல் கரையில் போட்டு வயிற்றைத் திறந்திருந்தார்கள். ஆளாளுக்கு முழங்கை வரை இரத்தம். கல்லின் மேல் குடல், குடலின் மேல் ஈ. வந்தவர்களுக்குப் படத்தில் நிற்க ஒரு வேட்டைக்காரர் வேண்டும், ஆனால் பார்க்கச் சகிக்கிற மாதிரி இருக்கவேண்டும். சட்டை சுத்தமாக இருந்தவர் என்சாலி ஒருவர்தான். வேறு யாரோ சுட்ட பன்றி என்பதால், வயிறு திறந்த அந்தக் கணமே அவர் மேல்பக்கமாக ஆற்றுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் கூட்டிவந்து, இன்னொருவனுடைய கத்தியை இடுப்பில் சொருகி, ஒரு காலைப் பன்றியின் மேல் தூக்கி வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் அவருடைய உதடுகள் இறுக மூடியிருக்கும். வெளியூர்க்காரர்கள் அதை வீரம் என்கிறார்கள். வாந்தியை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அவர் வேட்டைக்காரரே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நன்றாகவே சுடுவார். அட்டை கடிக்க, சேற்றில் அரைநாள் அசையாமல் உட்கார்ந்திருப்பார். வேட்டை நாய்கள் சொந்தக்காரனை விட்டுவிட்டு அவர் பின்னால் போகும். பன்றியின் வெளிப்பக்கத்தோடு அவருக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. எல்லாம் உள்பக்கத்தோடுதான். பாதி செரித்த காட்டுப் பழம், கிழங்கு, மண்புழு எல்லாம் ஒன்றாகப் புளித்து, திறந்த வயிற்றிலிருந்து வெதுவெதுப்பாக ஓர் ஆவி மேலே வரும். அது முகத்தில் வந்து உட்காரும், பிறகு சோப்புப் போட்டாலும் எழுந்து போகாது. மற்றவர்கள் அதை முகர்ந்துவிட்டு ஈரலைப் பற்றிப் பேசுவார்கள். என்சாலிக்கு மனிதர்கள் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

ஆனால் எங்கள் குடும்பங்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வாழும் நீளவீட்டில் ஒரு வழக்கம்: யாருடைய குண்டில் பன்றி விழுந்ததோ அவரேதான் வயிற்றைத் திறக்கவேண்டும். குறி தவறாத மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆகவே எந்தக் கத்தியால் இந்த அசிங்கம் சீக்கிரம் முடியும், எந்தக் கத்தி பன்றியை வீட்டுக்குக் கூட்டிவராது என்பதைத் தவிர வேறெதையும் அவர் பல வருடங்களாக யோசித்ததில்லை. எங்கள் மற்ற ஆண்கள் கத்தியை மணப்பெண் மாதிரிப் பார்த்தார்கள். அவர் கழிவறையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

மடக்குக் கத்தியைத் தொடவே மாட்டார். மடங்குகிற மூட்டுக்குள் இரத்தம் போய்க் குடியிருக்கும், அதை அழைத்துவந்தவனே நினைத்தாலும் கிளப்ப முடியாது. கத்தி என்றால் அலகும் பிடியும் ஒரே துண்டு மாதிரி அசையாமல் நிற்கவேண்டும். மான் கொம்புப் பிடி அழகுதான், ஆனால் அதன் வரிகளுக்குள் கொழுப்பு அப்பும். இரண்டு பக்கமும் மரம் வைத்து ஆணி அடித்த பிடியில் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருக்கும், அதில் போன பன்றி அடுத்த பன்றி வரை தங்கும். அலகு ஒரு சாண் நீளத்துக்கு மேல் போனால் முனை வயிற்றுக்குள் தானாக ஊர்வலம் போய் எதையாவது குத்திவைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் கத்தியின் முதுகு. அது வழவழப்பாக இருந்தால் ஆள்காட்டி விரலை அதன் மேல் நீட்டிவைத்து, முனை எங்கே இருக்கிறது என்பதை விரலாலேயே தெரிந்துகொண்டு, தோலை மட்டும் கிழிக்கலாம். குடலில் ஓட்டை விழாது. குடலில் ஓட்டை விழுந்த பன்றியை என்சாலி பன்றிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் யார் கத்தி வாங்கினாலும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவர் கூர் பார்க்கமாட்டார். மூக்குக்குக் கீழே பிடித்து முகருவார். முகம் சுளித்தால் கத்தி மறுபடகில் கடைக்குத் திரும்பிப் போகும்.

அந்த முகம்தான் சிக்கல். கத்திகளை மட்டும் அது திருப்பி அனுப்பவில்லை. அவர் மகள் ரிண்டாவுக்கு முதலில் பேசிய சம்பந்தமும் அதனால்தான் நின்றது. மாப்பிள்ளை வீட்டில் புளித்த பன்றிக்கறி வைத்தார்கள். சோறும் உப்பும் சேர்த்துப் பானையில் மூடி வாரக்கணக்கில் வைத்தது. என்சாலி வேண்டாம் என்று சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் ரோஷக்காரர்கள், மறுவாரமே ஆள் விட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். ரிண்டா அதற்குப் பிறகு நெடுநாள் அப்பாவிடம் பேசவில்லை. அவர் மனைவி சும்பிங் தினமும் பேசினாள், அது இன்னும் மோசம்.

பிறகு கீழாற்று நீளவீட்டிலிருந்து ஜிம்புன் என்ற பையனைப் பற்றிப் பேச்சு வந்தது. இது ரிண்டாவே பார்த்த பையன். அவன் கடல் தாண்டி ஜொகூரில் கப்பல் கட்டுமிடத்தில் வேலைக்குப் போகவிருந்தான். போவதற்குள் நிச்சயம் முடிந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போவான். முடியாவிட்டால் அடுத்த அறுவடைத் திருநாளில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். ஜொகூருக்குத் தனியாகப் போன பையன்களின் அடுத்த திருநாள் எப்படி இருக்கும் என்று எங்கள் ஆற்றில் எல்லாருக்கும் தெரியும்.

“அப்பா, கை கால் எப்படி வேணா இருக்கட்டும். மூஞ்சிய மட்டும் பாத்துக்குங்க” என்றாள் ரிண்டா.

என்சாலி பார்த்துக்கொள்கிறேன் என்றார். உண்மையாகவே பார்த்துக்கொண்டார், அதுவும் பார்க்கக்கூடாத இடத்தில்.

ஜிம்புனின் அப்பா கெருன்சின் கனத்த குரல்காரர். இருக்குமிடத்தை அடைத்துக்கொண்டு உட்காருவார். அவருக்கு என்சாலியைத் தெரியாது, பலகையைத்தான் தெரியும். நிச்சயத்துக்கான பன்றியைப் புதுக் கத்தியில் அறுக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. வரப்போகிற சம்பந்தி பலகையில் இருக்கிற வேட்டைக்காரர் என்றால் அவரையே கூட்டிக்கொண்டு போய்க் கத்தி பொறுக்கலாமே என்று கப்பிட் நகரக் கடைத்தெருவுக்கு அழைத்தார். நானும் எக்ஸ்பிரஸ் படகில் கூடப் போனேன். வழியெல்லாம் கெருன்சின் எதிரே உட்கார்ந்தவர்களிடம் பக்கத்தில் இருப்பவர் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்சாலி ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு பலகையின் கனத்தோடு வந்தார்.

இரும்புக்கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், ஒரு மரப்பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். கெருன்சினின் கை நேராகப் போனது ஒரு கோரத்தின் மேல். முதுகு நெடுக ரம்பப் பல், அலகில் பள்ளம் வெட்டி அதில் கருப்புப் பூச்சு, பிடியில் தோல் கயிறு சுற்றி அதில் இரண்டு குஞ்சம், தடித்த தோல் உறை, அதன் வாயில் ஆட்டு மயிர். வேட்டைக்குப் போகாத ஒருவன், வேட்டைக்குப் போகாத இன்னொருவனுக்காகச் செய்தது.

“எப்படி இருக்கு சம்பந்தி? இத இடுப்புல கட்டிட்டு நடந்தாலே பன்னி தானா வந்து படுத்துக்கும்.”

என்சாலி வாங்கிப் பார்த்தார். பழக்கத்தில் கத்தி மூக்கை நோக்கி ஏறியது. பாதி வழியில் மகள் சொன்னது ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார். முகத்தை மரம் போல வைத்துக்கொண்டு, “கனம் கொஞ்சம் முன்னால சாயுதே” என்றார்.

முன்னால் சாய்ந்தால்தானே வெட்டு ஆழமாக விழும் என்றார் கெருன்சின். முதுகில் எதற்குப் பல் என்று என்சாலி கேட்டார். எலும்பை அறுக்கலாம் என்று தவுக்கே பதில் சொன்னார். தவுக்கே பன்றியைத் தட்டில் மட்டுமே சந்தித்தவர். என்சாலி பெட்டியின் அடியில் துழாவி ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். ஒரு சாணுக்கும் குறைவான அலகு, வழவழப்பான முதுகு, கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறத்தில் ஒரே வார்ப்பாக வார்த்த பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை. அசிங்கம் என்றால் அப்படி ஒரு அசிங்கம்.

“வேட்டைக்காரன் கையில அடக்கமா இருக்கணும் கத்தி” என்றார் என்சாலி. பலகைக்கு ஏற்ற வாக்கியம்.

கெருன்சின் கடை அதிரச் சிரித்தார். “இது மார்க்கெட்ல கெளுத்தி அறுக்கற கத்தி சம்பந்தி. நிச்சயத்துப் பன்னிய இதுல அறுத்தா, அவன் மகனுக்கு மீன் புடிச்சு நிச்சயம் பண்ணான்னு ஊரே சொல்லும். நீங்க என்னைச் சோதிச்சுப் பாக்கறீங்க, எனக்குத் தெரியாதா?”

“இது நாறும்” என்று என்சாலி ஒரு முறை சொல்லியிருக்கவேண்டும். அந்த இரண்டு சொல் போதும். எங்கள் வீட்டில் நூறு முறை சொன்ன மனிதர். கெருன்சினும் மூக்குள்ளவர்தான், ஒருவேளை கேட்டிருப்பார். ஆனால் இரத்தத்துக்கு அஞ்சாதவர் நாற்றத்தைப் பற்றிப் பேசலாமா? அதனால் கனம், அடக்கம் என்று வீரர்கள் பேசுவதைப் பேசினார். வீரர்கள் பேச்சில் குஞ்சம் வைத்த கத்திதான் ஜெயிக்கும். கெருன்சின் அதையே வாங்கினார். என்சாலி ஆரஞ்சுப் பிடியைத் தனக்கு வாங்கிக்கொண்டார்.

காட்டில் பழம் உதிரும் பருவத்தில் இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து வேட்டைக்குப் போனோம். பன்றி கெருன்சினின் குண்டில் விழுந்தது, ஆகவே கத்தியும் அவருடையது. ஆரஞ்சுப் பிடியை என்சாலி நீட்டினார். அது உங்களோடேயே இருக்கட்டும் என்று கெருன்சின் கையைத் தள்ளிவிட்டார். அதற்கு மேல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரம்பப் பல்லின் மேல் விரல் வைக்க முடியவில்லை. தோல் கயிறு இரத்தம் குடித்து வழுக்கியது. முனை எங்கே போகிறது என்று தெரியாமலே அவர் அழுத்தினார். குடல் கிழிந்தது. அதை வெளியே இழுக்கும்போது பற்கள் மாட்டி இன்னும் கிழிந்தது. பச்சையாக, தவிட்டுநிறமாக, கெட்டியாக, வழவழவென்று எல்லாம் சதையின் மேல் வழிந்தது. அவர் அதைக் கையால் வழித்து உதறிவிட்டு, கத்தியை இலையில் துடைத்து உறையில் சொருகினார். ஆற்றில் அலசுங்கள் என்று யாரோ சொன்னார்கள். புதுக் கத்தியின் முதல் இரத்தத்தைக் கழுவினால் கத்தி மறந்துவிடும் என்றார் கெருன்சின். அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஆற்றில் எங்கும் கிடையாது. அங்கேயே நின்றபடி அவர் உண்டாக்கியது அது. ஆனால் சுட்டவர் சொன்னால் மறுத்துப் பேசுவதில்லை, அது மட்டும் பழைய வழக்கம்.

என்சாலி அப்போது அங்கே இல்லை. எங்கே இருந்தார் என்று சொல்லவேண்டியதில்லை.

வீட்டுக்குப் போனதும் அதே கத்தியால், அதே உறையிலிருந்து எடுத்து, கெருன்சின் நிச்சயத்துக்கான கறியைத் துண்டு போட்டுச் சோறும் உப்பும் கலந்து பானையில் மூடினார்.

நிச்சயத்தன்று மதியம் கீழாற்று வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மூங்கிலில் வெந்த கோழி, அரிசிக் கள், வாழையிலையில் பொதிந்த சோறு, எல்லாம் குறையில்லாமல் இருந்தன. நடுவில் பானை. மூடியைக் கட்டிய துணியை அவிழ்த்தபோது, தூணோரம் படுத்திருந்த நாய்கள் எழுந்து வெளியே போயின.

நல்ல புளித்த கறியின் வாடை வெளியாருக்குக் கொஞ்சம் அதிகம்தான், எங்களுக்கோ வாயில் நீர் ஊறும். இது வேறு. செத்து நாளான எலி கிடக்கும் சாக்கடையில் யாரோ கள்ளை ஊற்றியது போல இருந்தது. உள்ளே சதை சாம்பல் நிறத்தில், விரலால் எடுத்தால் நூல் விட்டது. கெருன்சினின் மனைவிக்குத் தெரிந்துவிட்டது, பாவம். வறுத்தால் சரியாகும் என்று மிளகாயும் இஞ்சியும் போட்டு வறுத்துக் கொண்டுவந்தாள். முன்பு ஆறியிருந்த நாற்றம் இப்போது சூடாக வந்தது.

எங்களிடம், கொண்டுவந்து வைத்த சாப்பாட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது. போனால் வழியில் பாம்போ முதலையோ விழுகிற மரமோ கணக்குத் தீர்த்துவிடும் என்பார்கள். வேண்டாதவர்கள் ஒரு விரலால் தொட்டு அதை நாக்கில் வைத்துக்கொண்டால் போதும், சாப்பிட்டதாக ஆகிவிடும். தட்டு வரிசையாகச் சுற்றி வந்தது. ஒவ்வொருவராகத் தொட்டார்கள், நாக்கில் வைத்தார்கள், விரலை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க மனிதர்கள் தங்களுடைய ஒற்றை விரலை அடுத்தவனுடையது போல நீட்டிக்கொண்டு, அதைப் பார்க்காமல், வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். மரியாதையின் பெயரால் இத்தனை பேர் சேர்ந்து இத்தனை அழுகலைத் தொட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மற்றவர்கள் தொட்டால் போதும். பெண்ணின் தகப்பன் மட்டும் தின்னவேண்டும். அவர் தொட்டுவிட்டு வைத்தால், மாப்பிள்ளை வீட்டுக் கறியை ஏற்கவில்லை என்று பொருள். தட்டு கடைசியாக என்சாலியின் முன் வந்து நின்றது. ஜிம்புன் பாயின் பின்னலை எண்ணிக்கொண்டிருந்தான். கெருன்சின் காலிக் கள் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ரிண்டா கறியைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சும்பிங் புருஷனின் தொடைக்குப் பக்கத்தில் விரல்களால் பாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

கெருன்சினின் அக்கா லம்பா, அந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசாத பெண், தொண்டையைச் செருமினாள்.

“பான இப்படி ஆனா நல்லதுக்கில்ல. யாரையும் குத்தம் சொல்லல. அடுத்த திருநாளுக்கு வெச்சுக்கலாம். பையனும் போயிட்டு வந்துரட்டும்.”

இரண்டு வீட்டிலும் வயதான தலைகள் மெதுவாக ஆடின. அவர்களுக்கு அது நல்ல வழியாகப் பட்டது, தட்டை எடுத்துவிடலாமே. ரிண்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

என்சாலி தட்டை முன்னால் இழுத்தார். விரலால் தொடவில்லை. நல்ல பெரிய துண்டு, கொழுப்பும் தோலுமாக, நூல் விடுகிறது, அதை எடுத்துச் சோற்றில் வைத்து, சோற்றோடு சேர்த்து வாய்க்குள் போட்டார். மென்றார். அவசரமில்லாமல் மென்றார் என்பதுதான் எங்களால் தாங்கமுடியாமல் போனது. அந்த முகம் சுளிக்கவில்லை. உதடுகள் இறுக மூடி, பலகையில் இருக்கும் அதே முகமாக இருந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“யாரு சொன்னா பான கெட்டுப்போச்சுன்னு?” என்றார். “உப்பு கொஞ்சம் கொறைவு, அவ்வளவுதான். அடுத்த தடவ கூடப் போடுங்க சம்பந்தி.”

அதன் பிறகு கெருன்சினும் ஒரு துண்டு தின்னவேண்டியதாயிற்று. அவருடைய முகம் அழகாக இல்லை. லம்பா தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் கொட்டச் சொன்னாள். நாள் குறித்தார்கள். எல்லாரும் கோழிக்கும் கள்ளுக்கும் திரும்பியபோது என்சாலி எழுந்து, மெதுவாக, மரியாதையாக, படி இறங்கி ஆற்றுப் பக்கம் போனார். நெடுநேரம் வரவில்லை. பிறகு இரண்டு நாள் வீட்டில் படுத்துக் கிடந்தார். சும்பிங் கஞ்சி ஊட்டிக்கொண்டே திட்டினாள், ஆனால் திட்டில் பழைய காரம் இல்லை.

நிச்சயத்தன்று நாங்கள் ஊர் திரும்பப் படகில் ஏறும்போது கெருன்சின் துறை வரை வந்தார். அந்த மீன்காரன் கத்தி இன்னும் அந்தக் கடையில் இருக்குமா என்று மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார். என்சாலி இடுப்பிலிருந்து ஆரஞ்சுப் பிடியை உருவிக் கொடுத்தார். கெருன்சின் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“ஒண்ணும் வரலையே.”

“அதுதான் சம்பந்தி” என்றார் என்சாலி, வெளிறிய முகத்தோடு.

ரிண்டாவும் ஜிம்புனும் ஜொகூரில் இருக்கிறார்கள். பலகை படகுத்துறையில் இருக்கிறது. படகில் வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அவர் எத்தனை பன்றிகளைக் கொன்றார் என்று கேட்கிறார்கள். அவர் செய்தது இதுதான்: மகளின் நிச்சயத்தன்று, அழுகிப்போன பன்றிக்கறியில் ஒரு துண்டை மென்று விழுங்கிவிட்டு, உப்பு குறைவு என்று சொன்னார்.